ஓய்வுபெற்ற குதிரைக்கு யார் தீனி போடுவது?

2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூரின் கிராஞ்சித் திடலில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842இல் தொடங்கிய வழக்கம் அன்றோடு நின்றது. 120 ஹெக்டருக்கு மேற்பட்ட அந்த நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் திரும்புகிறது. அங்கே வீடுகள் எழும். மலேசியப் பக்கத்திலும் நிலைமை சுருங்கித்தான் வருகிறது. 1864இல் தோன்றிய பினாங்கு டர்ஃப் கிளப்பைக் கலைத்துவிட அதன் உறுப்பினர்கள் அதே 2024இல் வாக்களித்தார்கள். திடல்கள் மூடப்படும்போது குதிரைகள் மறைந்துவிடுவதில்லை. சில வேறு திடல்களுக்குப் போகின்றன. சில சவாரிப் பள்ளிகளுக்கும் போலோ லாயங்களுக்கும் கைமாறுகின்றன. சிங்கப்பூரிலிருந்து தரைவழி எந்தக் குதிரை வெளியேறினாலும் அது முதலில் மிதிக்கும் மண் ஜொகூர். ஆகவே ஓய்வுபெற்ற குதிரைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை மற்ற மாநிலங்களைவிட ஜொகூர் கூர்மையாகக் கேட்க வேண்டும். எலும்பும் தோலுமாகிவிட்ட பிறகு ஓடிப்போய் மீட்பதை நாம் பாராட்டுகிறோம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு குதிரை அந்த நிலைக்கு வராமல் தடுக்கும் பணத்தை, அது ஓடிச் சம்பாதிக்கும் காலத்திலேயே எடுத்து வைக்காதவரை எந்த மீட்பும் போதாது.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. எட்டு வயதைத் தாண்டி ஓடுபவை குறைவு. நல்ல பராமரிப்பில் 25 வயதுக்கு மேலும் வாழும். ஆக, ஓட்டம் முடிந்த பிறகு 15 ஆண்டுக்கும் மேலான வாழ்நாள் மிச்சம் இருக்கிறது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்குச் சுமார் 10 கிலோ உலர்தீவனம் வேண்டும். நம் ஊர் நேப்பியர் புல்லைப் பச்சையாக வெட்டிப் போட்டால் அது 50 கிலோவை நெருங்கும். உலர்தீவனமாகவே கணக்கிட்டாலும் 15 ஆண்டுக்கு ஏறத்தாழ 55 டன். இதோடு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட வேண்டும். கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும் கடைவாய்ப் பற்களை அரத்தால் தேய்க்க வேண்டும். குடற்புழு மருந்து, தடுப்பூசி என்று செலவு ஓயாது. முதல் உரிமையாளர் பரிசுப் பணத்தைப் பார்த்தவர். இரண்டாமவர் சவாரிக் கட்டணத்தில் கொஞ்சம் பார்க்கிறார். மூன்றாமவருக்கோ நான்காமவருக்கோ போய்ச் சேரும்போது அந்தக் குதிரையால் வரவே இல்லை, செலவு மட்டும்தான். பட்டினி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கடைசி மனிதர் கொடியவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கையில் பணம் தீர்ந்தவராக இருந்தாலே போதும்.

ஜொகூரின் தட்பவெப்பம் இந்தச் சுமையை இன்னும் கூட்டுகிறது. சிங்கப்பூர், மலேசியத் திடல்களில் ஓடிய பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. வெப்பமும் ஈரப்பதமும் ஓயாத ஊரில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வியர்க்காத குதிரையால் உடல் சூட்டைத் தணிக்க முடியாது. நிழலில் நின்றபடியே மூச்சு வாங்கும். மழைக்காலச் சேற்றில் நின்றால் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாறும். கடிக்கும் ஈக்கள் சுர்ரா என்னும் இரத்த நோயைப் பரப்பும். செட்டேரியா போன்ற வெப்பமண்டலப் புற்களை மட்டுமே தின்று வந்தால், அவற்றிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ள, எலும்பு வலுவிழந்து முகமே வீங்கும். புல் பச்சைப்பசேலென்று கிடக்கிறதே, அவிழ்த்துவிட்டால் மேய்ந்துகொள்ளும் என்று நினைப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

மீட்பு என்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு முதல் பத்து நாட்களே சான்று. பட்டினியால் சுருங்கிய குதிரையைக் கண்டதும் நம் மனம் பதறும். கொள்ளையும் தவிட்டையும் வாளி நிறையக் கரைத்து வைக்கத் தோன்றும். அந்த வாளியே அதைக் கொன்றுவிடலாம். மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனதும் இன்சுலின் பெருகும்; இரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸும் மக்னீசியமும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்படும்; இதயமும் மூச்சும் தடுமாறி, தின்னத் தொடங்கிய சில நாட்களிலேயே குதிரை செத்துவிழும். அதனால் மருத்துவர்கள் குதிரைமசால் போன்ற உலர்தீவனத்தைக் கைப்பிடி கைப்பிடியாக, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்து, நாள்பட நாள்பட அளவைக் கூட்டுகிறார்கள். விலா எலும்பு மறைந்து உடல் பழைய எடைக்கு வர ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை ஆகும். அதுவரை கால்நடை மருத்துவர் வந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். இரக்கம் இருந்தால் போதும், குதிரையைக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணம் இங்கே உடைகிறது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. கொடுமை நிரூபணமானால் 20,000 ரிங்கிட் முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் 200 ரிங்கிட்டாக இருந்த அபராதத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அபராதம் குதிரைக்குப் புல் வாங்கித் தராது. பறிமுதல் செய்த குதிரையை எங்கே கட்டுவது? ஜொகூரில் சிங்கப்பூரர் ஒருவர் நிறுவிய நோவாஸ் ஆர்க் காப்பகம் நூற்றுக்கணக்கான நாய் பூனைகளோடு குதிரைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. அரிய பணி. ஆயினும் ஒரு குதிரை தின்னும் தீனியில் எத்தனை நாய்கள் பிழைக்கும் என்று எந்தக் காப்பகமும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டின் ஊட்டியிலும் அபராதத்தால் தீராத இதே கதைதான். சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த மட்டக்குதிரைகள் சவாரி இல்லாத நாட்களில் சாலையிலும் குப்பையிலும் மேயவிடப்படுகின்றன. நகராட்சி பிடித்து அபராதம் விதிக்கிறது. உரிமையாளர் அதைக் கட்டிவிட்டுக் குதிரையை மீட்டுப்போகிறார். குதிரை மறுபடி தெருவுக்கு வருகிறது.

வழி இல்லாமலில்லை. 2019இல் ஆஸ்திரேலியாவில், பந்தயக் குதிரைகள் குவீன்ஸ்லாந்து இறைச்சிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டதை ஏபிசி தொலைக்காட்சி அம்பலப்படுத்தியபோது அந்நாடே அதிர்ந்தது. அங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பந்தய அமைப்பு பரிசுப் பணத்தில் ஒரு சிறு பங்கைக் குதிரை நலனுக்கென்று ஒதுக்குகிறது. மலேசியத் தொழிலாளிக்கு மாதந்தோறும் ஈபிஎஃப் என்னும் சேமநிதி பிடிப்பதைப் போன்றதுதான் இது. இங்கிலாந்தில் 2020 அக்டோபர் முதல் எல்லாக் குதிரைக்கும் மைக்ரோசிப் கட்டாயம். கைமாறினால் புதிய உரிமையாளர் 30 நாட்களுக்குள் பதிவை மாற்ற வேண்டும். பந்தயக் குதிரையின் கழுத்தில் அந்தச் சிப் ஏற்கெனவே இருக்கிறது. கடைசி உரிமையாளர்வரை அந்த எண் தொடர்ந்து வந்தால், பட்டினி கிடக்கும் குதிரை யாருடையது என்று யாரும் கைவிரிக்க முடியாது.

மனிதருக்கே வழியில்லாதபோது குதிரைக்கா என்று கேட்பவர்களை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் இங்கே கேட்கப்படுவது மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ போகும் பொதுப்பணம் அல்ல; குதிரையின் கால்கள் ஈட்டிய பரிசிலிருந்து ஒரு துளி. மேலும் லாயத்தில் பணம் வற்றும்போது குதிரையோடு சேர்ந்து பட்டினி கிடப்பவர் சம்பளம் நின்றுபோன சைஸ் எனப்படும் குதிரைப் பராமரிப்பாளர்தான். வலியில்லாமல் கருணைக்கொலை செய்துவிடலாமே என்பது இன்னொரு வாதம். கால் முறிந்து தேறாத குதிரைக்கு, தீராத வேதனையில் கிடக்கும் குதிரைக்கு அதுவே சரி. மெல்ல மெல்லப் பட்டினி போடுவதைவிட அது ஆயிரம் மடங்கு நேர்மையானது. ஆனால் திடமாக நிற்கும் எட்டு வயதுக் குதிரைக்கு அதை மருந்தாகச் சொல்ல முடியாது. அதற்கும்கூட மருத்துவர் கட்டணமும், அரை டன் உடலைப் புதைக்கக் குழி தோண்டும் இயந்திர வாடகையும் உண்டு. அந்தச் செலவையும் பரிசிலிருந்து எடுத்துவைக்கும் இதே நிதியே ஏற்கலாம். விதி கடுமையானால் உரிமையாளர்கள் குதிரை வாங்கவே தயங்குவார்கள் என்றொரு அச்சமும் பேசப்படுகிறது. தயங்கட்டும். ஆறாண்டு ஓட்டத்துக்கு வாங்குபவர் 25 ஆண்டு வாழ்வுக்கும் சேர்த்து விலை கேட்டுத் தயங்கினால், கைவிடப்படும் குதிரைகளின் எண்ணிக்கை அங்கேயே குறையத் தொடங்கும். போலோவும் குதிரையேற்றமும் அரண்மனைவரை மதிக்கப்படும் ஜொகூரில், சவாரிப் பள்ளிக்கும் லாயத்துக்கும் உரிமம் தரும்போதே குதிரைக்கு இவ்வளவு என்று ஓய்வு வைப்புத்தொகை கட்டச் சொல்வதும், கைமாறும்போது சிப் எண்ணைக் கால்நடைச் சேவைத் துறையில் மாற்றிப் பதியச் சொல்வதும் புதிதாக ஒரு காப்பகம் கட்டுவதைவிட விரைவில் நடக்கக்கூடியவை.