திரையில் சிவக்கும் எழுத்து

திருக்குர்ஆனின் தொன்மையான கையெழுத்துப் படிகள் பலவற்றில் மூல எழுத்துகள் கருமையிலும், உயிரொலியைக் காட்டும் புள்ளிகள் செம்மையிலும் இடப்பட்டிருக்கக் காணலாம். அப்புள்ளி முறையை வகுத்தவர் அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பது மரபு. அங்கே வண்ணம் மையிலேயே உள்ளது. கணிப்பொறி முனையத்திலோ வண்ணம் என்பது எழுத்துகளின் ஊடே கலந்து செல்லும் ஒரு கட்டளையாகும்.

யூனிக்ஸ், லினக்ஸ் அமைப்புகளில் பல கட்டளைகளைத் தொகுத்து எழுதிய கோப்பினை ஷெல் நிரல் என்கிறோம். கோப்புகளை நகலெடுக்கும் நிரலொன்று நூறு வரிகளைத் திரையில் ஓடவிடுகிறது. நடுவில் ஒரு வரி, ‘வட்டில் இடமில்லை’ என்கிறது எனக் கொள்வோம். எல்லாம் ஒரே நிறமாயின் அவ்வரி கண்ணிற் படாமலே போய்விடும். நகல் உள்ளதென நம்பி மூலத்தை அழித்துவிட்டவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

அவ்வரியைச் சிவப்பாக்க, எஸ்கேப் என்னும் கட்புலனாகா எழுத்தை முதலில் அனுப்புதல் வேண்டும். அதன் எண் 27. எட்டடிமான முறையில் 033. அதனையடுத்து இடப்புறச் சதுர அடைப்புக்குறி, 31 என்னும் எண், ‘எம்’ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து. முனையம் இத்தொடரை அச்சிடாது. பின்வரும் எழுத்துகளைச் சிவப்பில் தீட்டும். 32 பச்சை, 33 மஞ்சள், 34 நீலம். 40 முதல் 47 வரை பின்புல வண்ணங்கள். 1976-இல் வெளியான எக்மா 48 தரத்தின் வழியில் வந்தது இம்முறை. 1978-இல் தோன்றி இத்தகு தொடர்களைப் பெரிதும் பரப்பிய விடி100 முனையத்திற்கோ வண்ணத் திரையே இல்லை! அடிக்கோடு முதலியவற்றிற்கே அது இவற்றைக் கையாண்டது.

செய்தி முடிந்ததும் 31 இருந்த இடத்தில் 0 இட்டு அத்தொடரை மீண்டும் அனுப்புதல் வேண்டும். மறந்தால், பின்வரும் வரிகளும் சிவந்தே தோன்றும். எக்கோ கட்டளை ஒரு ஷெல்லில் 033-ஐ எஸ்கேப்பாகக் கொள்ளும். மற்றொன்றில் அப்படியே அச்சிட்டுவிடும். ஆதலின் பிரிண்ட்எஃப் கட்டளையே நம்பத்தக்கது.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோரும் நம்மிடையே உளர். கி.பி. 8-ஆம் நூற்றாண்டினரான இலக்கண அறிஞர் கலீல் இப்னு அஹ்மத், வண்ணப் புள்ளிகளுக்கு மாற்றாக வடிவக் குறிகளை அமைத்தார் என்பர். ஒரே மையால் எழுதினும் ஒலி விளங்கிற்று. நிரலிலும் சிவப்போடு ‘பிழை’ என்னும் சொல்லையும் சேர்த்து எழுதிவிட்டால் அவர்கட்கும் விளங்கும்.

வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் வண்ணத் தொடர்களும் அதனுள் புகுந்து, படிப்போரை இடறச் செய்யும். இதற்கு ஷெல்லிலேயே ஒரு சோதனை உண்டு. டெஸ்ட் கட்டளையுடன் சிறுகோடும், டெர்மினல் என்பதன் முதலெழுத்தாகிய ‘டி’யும், சற்று இடம்விட்டு 1-உம் இட்டால், வெளியீடு முனையத்திற்குத்தான் செல்கிறதா என்பது தெரிந்துவிடும். விடை ஆம் எனில் வண்ணத்தோடும், அன்றேல் வெறும் எழுத்தாகவும் அனுப்பலாம்.