நுனிக்கரும்பு ஏன் சப்பென்று இருக்கிறது?

பொங்கல் கரும்பை எந்தப் பக்கமிருந்து கடிப்பது என்று கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடி இனிக்கும், நுனி சப்பென்று இருக்கும். வேரும் வெயிலும் தண்ணீரும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

கரும்பு இலையில் உருவாகும் குளுக்கோஸ் தானாகப் போய் எதனோடும் இணையாது. இணைவதற்கு ஆற்றல் வேண்டும். அதற்காகச் செல் அதன் மேல் யூரிடின் டைபாஸ்பேட் என்ற நியூக்ளியோடைடைக் கட்டிவிடுகிறது. ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான அதே யூரிடின்தான். அந்தக் கட்டு அவிழும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் குளுக்கோஸ் அடுத்த மூலக்கூறோடு சேர்கிறது. இப்படிக் கட்டப்பட்ட சர்க்கரைக்கு யூடிபி-குளுக்கோஸ் என்று பெயர். ஈஸ்ட் செல்கள் காலக்டோஸ் என்ற சர்க்கரையை எப்படிக் கையாளுகின்றன என்று புவனோஸ் ஐரிஸில் ஆராய்ந்த லூயி லெலோயிர் குழு, 1950 வாக்கில் இதைக் கண்டுபிடித்தது. அவருக்கு 1970-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இலையில் யூடிபி-குளுக்கோஸும் பிரக்டோஸ் பாஸ்பேட்டும் சேர்ந்து, கடைசியில் நாம் சீனி என்று சொல்லும் சுக்ரோஸ் ஆகிறது. அது சல்லடைக் குழாய்கள் வழியே தண்டுக்கு இறங்குகிறது. நுனியில் இருப்பவை இளங்கணுக்கள், இன்னும் வளர்பவை. அங்கே சுக்ரோஸ் சின்தேஸ் என்ற நொதி, வந்த சுக்ரோஸைப் பிரித்து மறுபடி யூடிபி-குளுக்கோஸ் ஆக்குகிறது. அதைக்கொண்டு செல்சுவரின் செல்லுலோஸ் நெய்யப்படுகிறது. நம் பல்லில் சிக்கும் நார் அதுதான். வளர்ந்து முடிந்த அடிக்கணுக்களுக்கு அந்தச் செலவு இல்லை. வந்த இனிப்பெல்லாம் அங்கே சேமிப்பாகிறது. அறுவடைக்கு முன் விவசாயி தண்ணீரைக் குறைப்பதன் பொருளும் இதுவே: வளர்ச்சி நின்றால் சர்க்கரை ஏறும். கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் கோ.க. 671 ரகம் பெயர் வாங்கியதும், சீக்கிரமே முதிர்ந்து சர்க்கரை ஏறியதால்தான்.

சர்க்கரையில் யூடிபி கட்டும் இந்த உத்தி கரும்புக்கு மட்டும் சொந்தமல்ல. சிதம்பரத்துக்கு வடகிழக்கே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கும் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவார நண்டு ஓடு கழற்றிப் புது ஓடு போடுகிறது. அந்த ஓட்டின் கைட்டின் இழைகளும் யூடிபி கட்டிய சர்க்கரையால் ஆனவைதான். சர்க்கரை மட்டும் வேறு, அசிட்டைல் குளுக்கோசமைன். தாய்ப்பாலின் லாக்டோஸுக்கு யூடிபி-காலக்டோஸ். ஒரே கட்டு ஓடாகவும் பாலாகவும் நாராகவும் முடிவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கரும்பை வெட்டியதும் நிலைமை மாறுகிறது. இலையிலிருந்து புது வரவு இல்லை. தண்டிலுள்ள இன்வர்டேஸ் நொதி, தண்ணீரைக் கொண்டே சுக்ரோஸை உடைக்கிறது. யூடிபி கட்டு இல்லாமல் தனித்தனியாகிவிடும் குளுக்கோஸும் பிரக்டோஸும் சீனிப் படிகமாகத் திரள்வதில்லை. பிணைப்பில் இருந்த ஆற்றலும் வீண். வெட்டுக்காயம் வழியே நுழையும் பாக்டீரியாக்கள் மிச்சத்தைத் தின்கின்றன. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைக்கச் சொல்வது இதனால்தான்.

நெல்லிக்குப்பத்திலோ சேத்தியாத்தோப்பிலோ அரவைப் பருவத்தில் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும்போது, கரும்புக்குள் இந்த உடைப்பு நடந்துகொண்டே இருக்கிறது. அதில் குறைவது ஆலையின் சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு. பத்து மாதம், பன்னிரண்டு மாதம் பாடுபட்டு ஏற்றிய இனிப்பு, வெயிலில் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில் இறங்குகிறது.