பால்வீதியின் கறுப்புக் கோடு

கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஹந்தானை மலைச்சரிவில், தையல் பயிற்சிக்கு வந்திருந்த பெண்களோடு தங்கியிருந்தேன். இரவு மின்சாரம் நின்றதும் வெளியே வந்தோம். மேகம் விலகியிருந்தது. முல்லைத்தீவு அக்கா ஒருவர் கேட்டார்: "தங்கச்சி, பால்வீதிக்கு நடுவில கறுப்பாக் கிடக்குதே, அதில வெள்ளியள் இல்லையோ?" கேட்டுவிட்டு, "எட்டாம் வகுப்போட இடம்பெயர்ந்தனான், விடுங்கோ" என்று சிரித்து மழுப்பினார். சமூகவியல் படித்த எனக்கும் பதில் தெரியவில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் மகளோடு பேச ஒன்றும் இல்லையே என்பதுதான் அவரது மனக்குறை என்று பிறகு அறிந்தேன்.

தேடிப் படித்தேன், சகோதரிகளே. அங்கே நட்சத்திரங்கள் நிறையவே உண்டு. புகைத் துணிக்கையைப் போன்ற நுண்ணிய தூசு இடையில் நின்று மறைக்கிறது. சேனை எரிக்கும் புகையினூடே சூரியன் சிவப்பாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். சிவப்பொளி தப்பி வரும், நீலம் மாட்டிக்கொள்ளும். நீலத்துக்கும் அப்பால் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிரே விண்தூசிடம் இன்னும் அதிகமாக அகப்படுகிறது. அதை விழுங்கிய தூசு சற்றே சூடேறும். சூடு என்றாலும், பூச்சியத்துக்குக் கீழே சுமார் 255 பாகை! அந்தச் சொற்ப வெப்பம் செந்நிறக்கீழ்க் கதிராக வெளியேறுகிறது. 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் செய்மதி அதைப் பதிவு செய்தது.

இந்தத் தூசு எதனால் ஆனது? கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் பிரெட் ஹொயிலும் 1962இல், அது காரீயமாக இருக்கலாம் என்று எழுதினர். கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கத்தில் தோண்டுகிறார்களே, அதே பென்சில் கரிதான். 1965இல் ரொக்கெட் மூலம் ஆராய்ந்த ஸ்டெச்சர், கழியூதாவில் 217 நனோமீற்றர் அளவில் ஒளி மிக அதிகமாக விழுங்கப்படுவதைக் கண்டார். கரிப்பொருளே காரணம் என்பதில் இன்று பலரும் உடன்படுகின்றனர். எந்த வடிவிலான கரி என்பது முடிவாகவில்லை. விக்கிரமசிங்க பிற்காலத்தில் உயிரும் விண்ணிலிருந்தே வந்தது என்றார். பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. ஹந்தானை வீதியில் நாம் கடந்துபோகும் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் ஆரம்பகாலப் பணிப்பாளர் அவர்தான்!

கழியூதாக் கதிர் மூலக்கூறுகளை உடைத்துவிடும். அடர்ந்த தூசு முகிலின் உள்ளே அதனால் நுழைய முடிவதில்லை. மூலக்கூறுகள் அங்கே பிழைத்திருக்கின்றன. அந்தக் குளிரில் வாயு ஒடுங்கி, புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

தொலைபேசியில் அக்காவுக்குச் சொன்னேன். இரண்டு நாளில் அவரே அழைத்தார். மகளும் பக்கத்தில் இருந்தாள். "ஏன் தங்கச்சி ரொக்கெட் அனுப்பினவை? இஞ்சயிருந்து பார்க்க ஏலாதோ?" எமது வளிமண்டலத்து ஓசோன் அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது என்பதை நான் சொல்லுமுன் மகள் சொல்லிவிட்டாள்.