மாமா வேனும் ஒரு சின்ன பியூஸும்

டூரிஸ்ட் வேனில் ஏறியதும் நாம் முதலில் என்ன கேட்போம்? "டிரைவர் அண்ணா, பாட்டு போடுங்க!" அந்தப் பாட்டுக்குப் பின்னால் நம்ம இயற்பியல் பாடம் ஒளிந்திருக்கிறது. அது எனக்குப் புரிந்த கதையைச் சொல்கிறேன்.

என் மாமா வேன் வைத்திருக்கிறார். ஒரு கடையில் கொடுத்துப் பெரிய செட் மாட்டினார். ஒரு மாதம் சூப்பராகப் பாடியது. ஒருநாள் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது ரப்பர் ஷீட்டுக்கு அடியிலிருந்து கருகல் நாற்றம், பின்னாலேயே புகை! மாமா வண்டியை ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டார். ஸ்பேனரால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் புகை நின்றது. பாட்டி வீடு வரும்வரை என் கையை விடவே இல்லை.

"பியூஸ் இருந்துச்சே மாமா, ஏன் போகலை?" என்று கேட்டேன். மாமா காட்டினார். பேட்டரி முன்னால், பியூஸோ கடைசி சீட்டுக்கு அடியில், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில். நடுவழியில் ஒயர் தகரத்தில் உரசி, உறை கிழிந்து, பாடியைத் தொட்டுவிட்டது. கரண்ட் அங்கேயே பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பிவிட்டது. பியூஸ் வரை வரவே இல்லை, அப்புறம் அது எப்படிப் போகும்? "பியூஸ் ஆம்புக்கு மட்டும் இல்லடா, ஒயருக்கும்தான்" என்றார் மாமா.

இப்போ ஒரு கணக்கு. திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். 300 வாட் எடுக்கும் பொருள் வீட்டில் (230 வோல்ட்) 1.3 ஆம்பியர் இழுக்கும். அதே 300 வாட்டுக்கு 12 வோல்ட் பேட்டரியில் 25 ஆம்பியர் வேண்டும்! மின்னோட்டம் 2 மடங்கானால் ஒயரில் வெப்பம் 4 மடங்கு. இது ஜூல் விதி. அதனால்தான் தடித்த ஒயர். ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். புகை வராமல் என்ன செய்யும்?

மறுபடி செட் மாட்டியபோது டார்ச் பிடித்தது நான்தான். பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்:

1. முதல் வேலை, பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றுவது.

2. பாசிடிவ்விலிருந்து ஆம்புக்குத் தடித்த ஒயர். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ். ஒயர் தாங்கும் அளவைவிடப் பெரிய பியூஸ் போடக் கூடாது.

3. தகர ஓட்டைக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் புஷ். எங்கள் வேனில் இல்லாமல் போனது இதுதான்!

4. எர்த் ஒயரும் அதே தடிமன், ஆனால் குட்டையாக. பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

5. பிளேயரிலிருந்து வரும் சிக்னல் ஒயர் வண்டியின் மறுபக்கமாகப் போக வேண்டும். பவர் ஒயரோடு ஒட்டிப் போனால் பாட்டோடு 'ஙொய்ய்' என்று இரைச்சலும் கேட்கும்.

6. மெல்லிய ரிமோட் ஒயர் ஒன்று. பிளேயரை ஆஃப் செய்தால் ஆம்பும் ஆஃப் ஆகும். இது இல்லாவிட்டால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

7. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பார்த்துத்தான் மாட்டணும்.

8. சப் ஊஃபருக்கு சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள 'தும் தும்' மட்டும். அதன் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கும். இரண்டும் கலந்தால் சத்தம் அழிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் மரப்பெட்டி.

கடைசியில் பியூஸைச் சொருகினார். பாட்டு வந்தது! அடுத்த பயணத்தில் பாட்டி படியில் கால் வைக்கும் முன்பே கேட்டார்: "பியூஸ் முன்னாடி இருக்காடா?"

நண்பர்களே, நீங்களும் கேளுங்கள். பாட்டு அப்புறம் கேட்டுக்கலாம்!

உங்களுக்குத் தெரியுமா?
ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 'ஓம்', ஜெர்மனியின் ஜார்ஜ் சைமன் ஓம் பெயர். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தன் விதியை 1827-இல் புத்தகமாக வெளியிட்டார்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு