பொருள்களின் வரிசை எண்

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்கு அண்மையில் உள்ளது உடன்குடி. பனங்கருப்பட்டிக்குப் பெயர் பெற்ற அவ்வூரின் வீடுகளில் இன்று குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் இடம்பெற்றுவிட்டன. உப்புக் காற்றோ இரும்பை அரிப்பதோடு நில்லாது, அப்பொருள்களின்மீது பொறித்துள்ள எழுத்துகளையும் மங்கச் செய்கிறது.

அவ்வெழுத்துகளுள் முதன்மையானவை இரண்டு எண்கள். ஒரே அமைப்பில் பத்து வீடுகள் கட்டப்பட்டால், அவ்வமைப்பின் பெயர் போன்றது மாதிரி எண். ஒவ்வொரு வீட்டின் கதவிலக்கம் போன்றது வரிசை எண். பழுது பார்ப்பவர் உதிரிப் பாகம் தருவிக்க முன்னதையும், உத்தரவாதக் காலத்தை அறியப் பின்னதையும் கேட்பார்.

இவை கண்ணில் படும்படி அமைவது அரிது. குளிர்சாதனப் பெட்டியில் பெரும்பாலும் உட்சுவரில், சில வேளை காய்கறித் தட்டின் மறைவில் இருக்கும். முன்புறம் திறக்கும் சலவை இயந்திரத்தில் கதவின் விளிம்பிலும், தொலைக்காட்சியில் பின்புறத்திலும், மிக்சியில் அடிப்பாகத்திலும் தேடுதல் வேண்டும். மின்னிணைப்பை நீக்கிய பின்னரே பொருளைக் கவிழ்த்தல் தகும். ஈரத் துணியால் தேய்த்தால் எழுத்தே அழியக்கூடும். உலர்ந்த துணியே நன்று.

பழைய சிங்கர் தையல் இயந்திரங்களுக்கு இத்தொல்லை இல்லை. அவற்றின் எண் அடித்தட்டின் உலோகத்திலேயே பதிக்கப்பட்டது. 1900-ஆம் ஆண்டளவில் எண்ணுக்கு முன் எழுத்தையும் சேர்க்கலாயினர். ‘ஜி’ என்பது அமெரிக்காவின் எலிசபெத் நகரையும், ‘எஃப்’ என்பது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கையும் குறித்தன. கிளைடுபேங்க் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. எனினும் பாட்டியின் இயந்திரம் எங்கே பிறந்தது என்பதை அவ்வெழுத்து இன்றும் கூறும்.

கைப்பேசியின் எண்ணை அறிவது எல்லாவற்றினும் எளிது. நட்சத்திரக்குறி, சதுரக்குறி, 06, மீண்டும் சதுரக்குறி என்று முறையே அழுத்தினால் 15 இலக்க எண் திரையில் தோன்றும். இறுதி இலக்கம், முன்னுள்ள 14 இலக்கங்களும் பிழையின்றி உள்ளனவா எனச் சரிபார்ப்பதற்கென்றே கணக்கிடப்படுவது. கைப்பேசி களவு போனால், இவ்வெண்ணைக் கொண்டு அதனை எந்த வலைப்பின்னலிலும் இயங்காமல் தடுக்கும் வசதியை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் நாடு முழுமைக்கும் விரித்தது. ஆயின், கருவி களவு போன பின்பு அதன் திரையில் எண்ணைக் காண இயலாதன்றோ? அது வந்த அட்டைப் பெட்டியின் பக்கத்தில் அவ்வெண் அச்சிடப்பட்டிருக்கும்.