ஒரு பந்தும் ஒரு கையொப்பமும்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், பேஸ்பால் மைதானத்தின் வாயிலில், கையில் மட்டையோடு ஹோனஸ் வாக்னர் சிலையாக நிற்கிறார். மகள் வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் பேரன் என்னை அங்கே அழைத்துப்போவான். பேஸ்பால் புகழ் மன்றத்துக்கு 1936-இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து வீரர்களில் வாக்னரும் ஒருவர். ஆயினும், இன்று அவர் பெயர் செய்திகளில் அடிபடுவதற்குக் காரணம் அவரது ஆட்டமன்று. சிகரெட் பெட்டிக்குள் வைத்து விநியோகிக்கப்பட்ட, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஓர் அட்டை.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபேக்கோ கம்பெனி தனது சிகரெட் பெட்டிகளில் வீரர்களின் வண்ணப்பட அட்டைகளை வைத்து விற்றது. வாக்னரின் அட்டை மட்டும் விரைவிலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் சிகரெட் வாங்கத் தன் படம் தூண்டுகோலாகக் கூடாது என்று அவர் மறுத்ததாக ஒரு சாரார் கூறுவர். உரிய பணம் தராததால் மறுத்தார் என்பர் மற்றொரு சாரார். காரணம் எதுவாயினும், இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ ஐம்பது அறுபது அட்டைகளே. அவற்றுள் ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், 'அருமையான பொருள், அதனால் விலை அதிகம்' என்ற விளக்கத்தோடு என்னால் நின்றுவிட முடியவில்லை. என் பேரன் ஐந்து வயதில் வரைந்த யானை உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது; அதை எவரும் ஏலம் கேட்கமாட்டார்கள். வழங்கல் குறைவாக இருந்தால் போதாது, வேண்டுவோரும் இருக்க வேண்டும். டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட மிக்கி மேன்ட்டில் அட்டையை எடுத்துக்கொள்வோம். விற்காமல் கிடங்கில் தேங்கிய அந்த வரிசை அட்டைகளை 1960-இல் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த நிறுவனத்தின் சை பெர்கர் பின்னாளில் கூறினார். கடலுக்குத் தப்பிய அட்டைகளில் மிக நேர்த்தியான ஒன்று 1991-இல் 50,000 டாலருக்கு விற்றது. 2022 ஆகஸ்டில் அதே அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1952-இல் சிறுவர்களாக இருந்தவர்கள் இடையில் வளர்ந்து, பொருளீட்டி, தங்கள் பால்யத்தைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

இந்தச் சந்தையில் உண்மையில் விற்கப்படுவது அட்டையோ துணியோ அன்று, அதைப் பற்றிய ஒரு நம்பிக்கை. 1932 உலகத் தொடரில் பேப் ரூத், பந்து எங்கே போகும் என்று விரல் நீட்டிக் காட்டிவிட்டு அடித்ததாகச் சொல்லப்படும் ஆட்டத்தில் அணிந்திருந்த சட்டை 2005-இல் 9,40,000 டாலருக்கு விற்றது. அதன் பின்னர், எழுத்துகள் தைக்கப்பட்டுள்ள விதத்தைப் பழைய ஒளிப்படங்களோடு நுணுக்கமாக ஒப்பிட்டு, அது அந்த ஆட்டத்துச் சட்டையே என்று உறுதிப்படுத்தினர். 2024 ஆகஸ்டில் அது 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தொட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சந்தையே பெருத்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும், அந்த உயர்வில் ஒரு பெரும் பங்கு ஐயம் நீங்கியதற்கான விலை என்றே கருதுகிறேன்.

இதையெல்லாம் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தவன்தான் நானும். இருந்தும் ஏமாந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பேரனின் பிறந்தநாளுக்காக, சிறியதோர் ஏல நிறுவனத்தின் இணைய ஏலத்தில் மிக்கி மேன்ட்டில் கையொப்பமிட்ட பந்து ஒன்றைக் கேட்டேன். கூடவே ஒரு கடிதமும் உண்டு: 1956 கோடையில், தன் தந்தை மைதானத்தில் நேரில் பெற்ற கையொப்பம் இது என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஆண்டு மேன்ட்டிலின் பொற்காலம். 400 டாலருக்கு ஏலம் எனக்கே முடிந்தது. வாங்குபவர்மீது சுமத்தப்படும் 20 விழுக்காடு கட்டணத்தையும் சேர்த்து 480 டாலர். மற்றவர்கள் ஏன் 400-ஐத் தாண்டவில்லை என்று அன்று நான் என்னையே கேட்டிருக்க வேண்டும். பொருளின் உண்மை மதிப்பு எவருக்கும் தெரியாத ஏலத்தில், அதை மிக அதிகமாக மதிப்பிட்டுத் தவறியவரே வெல்வார். இதை 'வென்றவரின் சாபம்' என்று பாடம் நடத்துவோம்.

ஓராண்டு கழித்துப் பேரனுடன் அமர்ந்து பழைய பந்துகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது உண்மை வெளிப்பட்டது. அமெரிக்கன் லீகின் அதிகாரப்பூர்வப் பந்துகளில் அந்தக் காலத்து லீக் தலைவரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். 1931 முதல் 1958 வரை தலைவராக இருந்தவர் வில்லியம் ஹாரிட்ஜ். 1959-இல் பொறுப்பேற்றவர் ஜோ குரோனின். எங்கள் பந்தில் குரோனின் பெயர் இருந்தது. 1956-இல் அப்படியொரு பந்து இருந்திருக்க வழியே இல்லை.

"அப்படின்னா இது பொய்யா, தாத்தா?" என்றான்.

கடிதம் பொய். கையொப்பம் பொய்யா என்பது வேறு கேள்வி. மெய்யான கையொப்பத்துக்கு எவரோ பொய்க்கதை சேர்த்திருக்கலாம். கையொப்பங்களை ஆராய்ந்து சான்றளிக்கும் நிறுவனம் ஒன்றுக்குப் பந்தை அனுப்பினோம். சான்றளிக்க இயலாது என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏல நிறுவனமோ, பொருள் 'உள்ளது உள்ளபடியே' விற்கப்பட்டது, கடிதத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று விதிமுறையின் பதினோராவது பிரிவைக் காட்டியது.

தரம் தெரிந்த விற்பவரும் தரம் தெரியாத வாங்குபவரும் சந்திக்கும் சந்தையில் போலி நல்லதை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கினார். அவர் காட்டிய உதாரணம் பழைய கார்கள். கையொப்பச் சந்தை அதற்கு இன்னும் பொருத்தமானது. காரை ஓட்டிப் பார்த்தால் சில வாரங்களில் குட்டு வெளிப்பட்டுவிடும். போலிக் கையொப்பமோ அலமாரியில் ஆயுள்முழுதும் சாதுவாக அமர்ந்திருக்கும். 1990-களின் பிற்பகுதியில் 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் எஃப்.பி.ஐ. நடத்திய புலனாய்வில், பழைய பந்துகளில் அரக்குப் பூசி முதுமை ஏற்றி, கையொப்பமிட்டு, சான்றிதழையும் தாங்களே அச்சடித்த கும்பல் சிக்கியது. சந்தையில் உள்ள கையொப்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை போலியாக இருக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்டது. அவர்களிடமிருந்த பந்துகளில் அன்னை தெரசாவின் பெயர் எழுதியதும் இருந்தது! நம் கொல்கத்தா அன்னை பேஸ்பாலில் கையொப்பமிட்டிருப்பார் என்று நம்பவும் ஆள் இருந்திருக்கிறது.

சரி, மூன்றாம் தரப்பு சான்றளித்தால் போதாதா? 1991-இல் அத்தகைய நிறுவனமொன்று முதன்முதலாகத் தரமிட்ட அட்டையே ஒரு வாக்னர் அட்டைதான். அதே ஆண்டு ஹாக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கியும் அவரது கூட்டாளியும் அதை 4,51,000 டாலருக்கு வாங்கியிருந்தனர். பத்துக்கு எட்டு மதிப்பெண் பெற்ற அந்த அட்டை 2007-இல் 28 லட்சம் டாலருக்குப் போனது. பழைய அட்டைகளை விளிம்பு கத்தரிக்கப்படாமல் வைத்திருக்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை நெறி. பல ஆண்டுகளுக்கு முன் அந்த அட்டையின் ஓரங்களை நேர்த்தியாக்கக் கத்தரித்தது தானே என்று, ஒரு காலத்தில் இத்துறையின் முன்னணி ஏலக்காரராக விளங்கிய பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார்.

அவர் சிறை சென்றது அதற்காக மட்டுமன்று. தன் ஏலங்களில் ஆள் வைத்து விலையை ஏற்றிய மோசடிக்காக 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இதன் சூட்சுமத்தை விளக்க வில்லியம் விக்ரியை நாட வேண்டும். 1961-இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம்: அதிகம் கேட்டவர் வெல்லட்டும், ஆனால் இரண்டாவது பெரிய கேட்பின் தொகையை மட்டும் செலுத்தட்டும், அப்போது ஒவ்வொருவரும் தம் மனத்தில் உள்ள மதிப்பை மறைக்காமல் சொல்வதே அவர்களுக்கு நன்மை. (1996-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றே நாளில் அவர் காலமானார்.) இன்றைய இணைய ஏலங்கள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகின்றன. 'ஆயிரம் டாலர் வரை போவேன்' என்று நீங்கள் பதிந்துவைத்தால், போட்டிக்கேற்பத் தொகை தானே ஏறும். ஆனால், உங்கள் உச்சவரம்பைக் காணக்கூடியவர் ஏலம் நடத்துபவர். அவர் மனம் கெட்டால், கற்பனைப் போட்டியாளர் ஒருவரைக் கொண்டு உங்களை 950 வரை இழுத்துச் சென்று நிறுத்திவிடலாம். உண்மை பேசுவோருக்கு நன்மை தரும் விதி, உண்மையைக் கேட்டுக்கொண்டிருப்பவர் நேர்மையானவர் என்ற அனுமானத்தின்மீது நிற்கிறது.

அந்தப் பந்தை என்ன செய்வது? பிட்ஸ்பர்க்கில் நடந்த ஒரு நினைவுப்பொருள் கண்காட்சிக்கு எடுத்துச் சென்றோம். வியாபாரி ஒருவர் இதமாகச் சொன்னார்: கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், பந்தை மட்டும் வையுங்கள், கையொப்பத்தைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், வாங்குகிறவர் தாமே முடிவுசெய்துகொள்வார், 300 டாலர் நிச்சயம். சட்டப்படி அதில் குற்றம் காண்பது கடினம். நான் ஏமாந்ததும் ஏறத்தாழ அதே வழியில்தான். பேரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று பந்தைப் பையில் வைத்துவிட்டேன்.

அன்றிரவு மாப்பிள்ளை, "மாமா, இது உங்கள் நேர்மையா அல்லது விட மனமில்லாத பற்றா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் விளையாட்டு அட்டை வியாபாரியாக இருந்த பொருளாதார அறிஞர் ஜான் லிஸ்ட், ஒரு கண்காட்சியில் இதைச் சோதித்தார். ஏறத்தாழ ஒரே மதிப்புள்ள இரு நினைவுப்பொருள்களில் ஏதேனும் ஒன்றைக் கொடுத்து, மற்றதற்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வியாபாரிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் மாற்றிக்கொண்டனர். சாதாரண மக்களில் நான்கில் ஒருவர்கூட மாற்றவில்லை. கைக்கு வந்த கணத்திலேயே பொருளின் மதிப்பு நம் கண்ணுக்குக் கூடிவிடுகிறது. வணிக அனுபவமே அந்த மயக்கத்தைத் தெளிவிக்கிறது. எனக்கு வணிக அனுபவம் கிடையாது.

பந்து இப்போது பேரனின் மேசையில் இருக்கிறது. அந்தக் கடிதமும், லீக் தலைவர்களின் ஆண்டுகளைக் குறித்து நான் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு தாளும் அதே பெட்டிக்குள் இருக்கின்றன. பின்னாளில் யார் கைக்குப் போனாலும் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அந்த 480 டாலரைக் குடும்பக் கணக்கில் கல்விச் செலவு என்று எழுதுவதா, நட்டம் என்று எழுதுவதா என்பதில்தான் மாப்பிள்ளைக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.