பதில் சொல்ல வேண்டியவர்கள் – 8: கையெழுத்து எந்தக் கோப்பில்?

2017 நவம்பர் 21. ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையிலுள்ள போர்ட் கிளாஸ்கோவில், ஃபெர்குசன் கப்பல் கட்டும் தளத்திலிருந்து ‘கிளென் சான்னக்ஸ்’ என்ற புதிய பயணிகள் கப்பலை அன்றைய முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் தண்ணீரில் இறக்கிவைத்தார். கப்பலோட்டும் அறைக்கு இன்னும் கண்ணாடி பொருத்தவில்லை. சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வண்ணம் பூசிச் சன்னல்போலக் காட்டியிருந்தார்கள். 2018-இல் ஆரன் தீவுக்கு ஓடியிருக்க வேண்டிய அந்தக் கப்பல், முதன்முதலாகப் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். அதன் இணைக் கப்பலான ‘கிளென் ரோசா’ தண்ணீரைத் தொட்டதே 2024 ஏப்ரலில்தான். இரண்டுக்கும் சேர்த்து 2015 ஒப்பந்தத்தில் எழுதிய விலை 97 மில்லியன் பவுண்டு. செலவு 400 மில்லியனைத் தாண்டிவிட்டது.

தீவில் வாழ்பவர்களுக்குக் கப்பல் என்பது சாலை. பெரிய மருத்துவமனை, கடைச் சரக்கு, கல்லூரி, சுற்றுலாப் பயணி எல்லாமே கடல் தாண்டித்தான். பழைய கப்பல்கள் பழுதாகி நின்ற நாள்களில் அந்த மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர்களுக்காக எடின்பரோ மன்றத்தில் ஆண்டுக்கணக்காகக் கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. அப்படிக் கேட்கும் முறையைப் பற்றித்தான் இந்த வாரம்.

சென்ற வாரம், ஹோலிரூட் எனப்படும் அந்த ஸ்காட்லாந்து மன்றத்தில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் முதல் அமைச்சர் கேள்வி நேரத்தைப் பார்த்தோம். அதில் குரல் உண்டு, கைதட்டல் உண்டு, மாலைச் செய்திக்கு ஏற்ற காட்சியும் உண்டு. எழுத்துபூர்வக் கேள்விக்கு இவை எதுவும் இல்லை. நம் மக்களவையில் நட்சத்திரக் குறியிடாத கேள்வி என்கிறோமே, அதன் உறவு இது. உறுப்பினர் எழுதிக் கொடுக்கிறார். எண் இட்டுப் பதிவாகிறது. பத்து வேலை நாள்களுக்குள் ஓர் அமைச்சரின் பெயரில் பதில் வர வேண்டும் என்பது வழக்கம். மன்றம் நீண்ட விடுமுறையில் இருந்தால் இருபது நாள். முடியாவிட்டால் ‘பதில் தயாராகிறது’ என்று இடைக்காலப் பதில் தருவார்கள். 129 உறுப்பினர்களில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேள்வியும் பதிலும் மன்றத்தின் பதிவில் நிரந்தரமாக நிற்கும்.

ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரைக் கேட்கவைத்து, அரசு தான் அறிவிக்க விரும்புவதைப் பதிலாக வெளியிடுவதும் உண்டு. அத்தகைய கேள்விகளுக்குப் பக்கத்தில் ‘அரசு தொடங்கிவைத்தது’ என்று மன்றமே குறிப்பிட்டுவிடுகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஹோலிரூட்டுக்கு மேலவை கிடையாது. 2007 முதல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியே அரசு நடத்திவந்தது. 2011-இல் 69 இடங்களோடு தனிப்பெரும்பான்மையும் பெற்றது. சரி, லண்டனில் கேட்கலாமே என்றால், அந்தக் கதவை பிரிட்டிஷ் மக்களவையே 1999 அக்டோபர் 25-இல் ஒரு தீர்மானத்தால் சாத்திவிட்டது. அதிகாரம் பகிர்ந்து கொடுக்கப்பட்ட பொருள்களைப் பற்றி அங்கே பொதுவாகக் கேள்வி எடுக்க மாட்டார்கள். ஆரன் தீவுக் கப்பலைப் பற்றி அந்தத் தொகுதியின் லண்டன் உறுப்பினர் பிரிட்டிஷ் அமைச்சரைக் கேட்டுப் பயனில்லை. எடின்பரோவில் கேட்டால்தான் உண்டு.

எடின்பரோவில் கேட்டாலும் பதில் நழுவுவதற்கு வழிகள் இருக்கின்றன. அதிகாரப் பகிர்வு அரசு என்பது நடுத்தட்டு அரசு. மேலே லண்டன்: குடியேற்றம், பாதுகாப்பு, ஒலிபரப்பு என்று அங்கேயே நிறுத்திவைத்த அதிகாரங்கள். கீழே 32 உள்ளாட்சி மன்றங்களும் 14 வட்டாரச் சுகாதார வாரியங்களும். விருப்பமில்லாத கேள்வி வரும்போது ‘இது பிரிட்டிஷ் அரசின் பொறுப்பு’ என்று மேலே தள்ளலாம். ‘இது அந்தந்த வாரியத்தின் நடைமுறை விஷயம்’ என்று கீழே தள்ளலாம். கப்பல் விவகாரத்தில் கீழே இறங்க இன்னும் அதிகப் படிகள் இருந்தன. அமைச்சருக்குக் கீழே ஸ்காட்லாந்து போக்குவரத்து முகமை. கப்பலை வாங்கிச் சொந்தமாக வைத்திருப்பது சீமால் என்ற அரசு நிறுவனம். ஓட்டுவது கால்மேக் என்ற இன்னொரு அரசு நிறுவனம். கட்டியது ஃபெர்குசன், அதுவும் 2019 டிசம்பரில் அரசுடைமை ஆனது. நான்குமே கடைசியில் மக்கள் பணத்தில் வந்து நிற்பவை. ஆனாலும் ஒன்றைப் பற்றிக் கேட்டால் மற்றொன்றைக் கைகாட்ட முடியும்.

இந்தத் தள்ளிவிடல் நமக்குத் தெரியாததல்ல. 2021 ஜூலை 20-இல் மாநிலங்களவையில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் கொடுத்த எழுத்துபூர்வப் பதில் நினைவிருக்கும். ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை, சுகாதாரம் மாநிலப் பொருள் என்றது அது. ஆக்சிஜன் உருளைக்காக இரவெல்லாம் வரிசையில் நின்ற குடும்பங்கள் அந்தப் பதிலைப் படித்தன.

மேலேயும் கீழேயும் தள்ள முடியாதபோது வரும் மூன்றாவது பதில்தான் மிக மோசமானது: ‘கேட்கப்பட்ட தகவல் மையமாகத் திரட்டி வைக்கப்படவில்லை.’ ஹோலிரூட் பதில்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். இதைக் கண்டு பத்திரிகையாளர்கள் சலித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். போகக் கூடாது என்பது என் கட்சி. ஓர் அமைச்சகம் ஒரு திட்டத்தை அறிவித்திருக்கிறது, அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது, ஆனால் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு தன்னிடம் இல்லை என்று அமைச்சரின் பெயரிலேயே எழுதித் தருகிறது என்றால், அது வெற்றுப் பதில் அல்ல. திட்டத்தை யாரும் அளக்கவில்லை என்பதற்கு அரசே தரும் சாட்சி.

கேள்வியை எழுதுவதும் ஒரு கைத்திறன். ‘கப்பல்கள் ஏன் தாமதமாயின?’ என்று கேட்டால் அரை பக்கத்துக்கு அரசின் அக்கறை பதிலாக வரும். நான் உறுப்பினராக இருந்தால் இப்படிக் கேட்பேன்: ஃபெர்குசனை முன்னுரிமை ஒப்பந்ததாரராக அறிவித்த 2015 ஆகஸ்ட் 31 முதல், ஒப்பந்தம் கையெழுத்தான அக்டோபர் 16 வரை, பணம் திருப்பித் தரும் உத்தரவாதம் பற்றி அமைச்சர்களுக்கு அனுப்பிய எழுத்துக் குறிப்புகள் எந்தெந்தத் தேதியில் போயின? எந்த அமைச்சருக்கு? அவர் எந்தத் தேதியில் என்ன எழுதினார்? இதில் கருத்து கேட்கவில்லை. தேதியும் பெயரும் ஆவணமும்தான் கேட்டிருக்கிறேன். லண்டனையோ சீமாலையோ கைகாட்ட இதில் இடமில்லை, ஏனென்றால் கேட்டிருப்பது அமைச்சரின் மேசைக்கு வந்து போன தாளைப் பற்றி.

அந்த உத்தரவாதத்தைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. கப்பல் கட்டுபவர் கைவிட்டால் கொடுத்த பணம் முழுதும் திரும்பி வரும் என்ற உறுதி கப்பல் வணிகத்தில் வழக்கமானது. ஃபெர்குசனால் அதை முழுமையாகத் தர முடியவில்லை. சீமால் நிறுவனம் தன் கவலையைத் தெரிவித்தது. ஆனாலும் ஒப்பந்தம் போடப்பட்டது. ஏன்?

2022 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் தலைமைத் தணிக்கையாளர் ஸ்டீபன் பாயில் இதற்கு விடை தேடி ஓர் அறிக்கை தந்தார். அபாயம் தெரிந்தும் அமைச்சர்கள் அதை ஏன் ஏற்றார்கள் என்பதற்குப் போதிய எழுத்து ஆதாரம் இல்லை என்பது அவர் கண்டது. நாடு கொதித்தது. மே மாதம் அரசு ஒரு மின்னஞ்சல் தொடரைக் கண்டெடுத்து வெளியிட்டது. 2015 அக்டோபர் 9 தேதியிட்ட அதில், அன்றைய போக்குவரத்து அமைச்சர் டெரெக் மக்காய் ஒப்புதல் தந்தார் என்று இருந்தது. யார் என்பது தெரிந்தது. ஏன் என்பதற்கு அப்போதும் போதிய ஆதாரம் இல்லை என்றே தணிக்கையாளர் சொன்னார். ஏழு ஆண்டு, நூற்றுக்கணக்கான மில்லியன் பவுண்டு பணம், இரண்டு கப்பல். முடிவின் காரணம் மட்டும் தாளில் இல்லை.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். எவ்வளவு கூர்மையாகக் கேட்டாலும், அலுவலகம் எழுதி வைத்ததைத்தான் எழுத்துபூர்வக் கேள்வி வெளியே கொண்டுவரும்.

இதைவிடக் கசப்பான பாடம் ஐரிஷ் கடலுக்கு அப்பால், பெல்ஃபாஸ்ட்டில் நடந்தது. வட அயர்லாந்து அரசு 2012 நவம்பரில் ஒரு பசுமை வெப்ப மானியத் திட்டத்தைத் தொடங்கியது. எண்ணெய்க்குப் பதிலாக மரத்துகள் உருளைகளை எரிக்கும் கொதிகலனைப் பொருத்தினால் இருபது ஆண்டுக்கு மானியம். பிரிட்டனின் திட்டத்தில் ஓர் அளவுக்கு மேல் எரித்தால் மானியம் குறையும். பெல்ஃபாஸ்ட் அந்த வரம்பை விட்டுவிட்டது. எரிபொருளின் விலையைவிட மானியம் கூடுதலாக இருந்ததால், எவ்வளவு எரிக்கிறோமோ அவ்வளவு லாபம். 2016 பிப்ரவரியில் திட்டத்தை மூடியபோது, இருபது ஆண்டில் 490 மில்லியன் பவுண்டு வரை கூடுதல் சுமை என்று கணக்கிட்டார்கள். அந்தப் புயலில் 2017 ஜனவரி 9-இல் துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலக, அரசே கவிழ்ந்தது.

நீதிபதி பேட்ரிக் காக்லின் தலைமையில் விசாரணை நடந்தது. 2018 மார்ச்சில் வட அயர்லாந்து அரசுப் பணியின் தலைவர் டேவிட் ஸ்டெர்லிங் சாட்சிக் கூண்டில் சொன்னது பலரை உலுக்கியது. அமைச்சர்களோடு நடக்கும் கூட்டங்களுக்குக் குறிப்பு எடுக்கும் பழக்கமே போய்விட்டது, இரண்டு பெரிய கட்சிகளும் விமர்சனத்துக்குக் கூசுபவை, தகவல் சுதந்திரச் சட்டத்தின் வழியே குறிப்புகள் வெளிவந்துவிடும் என்ற எண்ணமும் இருந்தது என்றார் அவர். கேள்விக்கும் தகவல் மனுவுக்கும் பயந்து, பதில் இருக்க வேண்டிய இடத்தையே காலியாக வைத்திருந்தார்கள். மக்களாட்சிக்கு இதைவிடப் பெரிய துரோகம் எனக்குத் தோன்றவில்லை.

கவிழ்ந்த அரசு மீண்டும் அமைய மூன்று ஆண்டு ஆனது. 2022 பிப்ரவரியில் மறுபடி முடங்கி 2024 பிப்ரவரியில்தான் உயிர் பெற்றது. இரண்டு முடக்கமும் சேர்ந்த அந்த ஐந்து ஆண்டுகளில் மருத்துவமனைக் காத்திருப்பு பற்றிக் கேட்க பெல்ஃபாஸ்ட்டில் முழுமையாக இயங்கும் அமைச்சரவை இல்லை. முதல் முடக்கத்தில் அமைச்சரே இல்லை, துறைச் செயலாளர்கள் நிர்வாகத்தை ஓட்டினார்கள். லண்டனில் கேட்டால், அது பகிர்ந்தளித்த அதிகாரம் என்றார்கள்.

பெல்ஃபாஸ்ட் மன்றத்தில் ஜிம் அலிஸ்டர் என்று ஒருவர் இருந்தார். வழக்கறிஞர், 2011 முதல் உறுப்பினர். அப்போது அவர் கட்சிக்கு அவையில் அவர் ஒருவரே. அவருடைய அரசியலோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஆனால் எழுத்துபூர்வக் கேள்வியை அவர் அளவுக்கு அயராமல் எழுதியவர்கள் குறைவு. ஆலோசகர் சம்பளம், பயணச் செலவு, கூட்டத்தில் இருந்தவர் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்து, காக்லின் 2020 மார்ச்சில் அறிக்கை தந்த பிறகு அதை நிறைவேற்றியும் காட்டினார். அதுதான் 2021-ஆம் ஆண்டின் ‘அரசின் செயல்பாடு’ பற்றிய சட்டம். அமைச்சர் பங்கேற்கும் அலுவல் கூட்டத்துக்கு அதிகாரி குறிப்பு எடுக்க வேண்டும் என்பதும், அமைச்சரிடமோ ஆலோசகரிடமோ யாராவது பரிந்துரைக்கு வந்தால் அதைப் பதிய வேண்டும் என்பதும் இப்போது அங்கே சட்டக் கடமை. ஒற்றை உறுப்பினர், அவரிடம் இருந்தது பேனா மட்டும்.

ஸ்காட்லாந்திலும் தாள்கள் குறைந்துவருவதை 2024 ஜனவரியில் எடின்பரோவில் நடந்த கோவிட் விசாரணை காட்டியது. பெருந்தொற்றுக் காலத்து வாட்ஸ்அப் உரையாடல்கள் அழிக்கப்பட்டிருந்தன. அழித்தவர்களில் முன்னாள் முதல் அமைச்சர் ஸ்டர்ஜனும் இருந்தார். பிறகு அரசு வேலைக்கு அத்தகைய செயலிகளைப் பயன்படுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2002-இன் தகவல் சுதந்திரச் சட்டம் அங்கே வலுவானது. இருபது வேலை நாளில் பதில் வர வேண்டும், மறுத்தால் தகவல் ஆணையரிடம் முறையிடலாம். அந்த முறையீட்டு வசதி எழுத்துபூர்வக் கேள்விக்கு இல்லை. கேள்விக்கு உள்ள பலம் வேறு: பதில் அமைச்சரின் பெயரில் வருகிறது, அவையைத் தெரிந்தே தவறாக வழிநடத்திய அமைச்சர் பதவி விலக வேண்டும் என்பது நடத்தை நெறி. விவரம் அறிந்த உறுப்பினர்கள் இரண்டையும் ஒரே விஷயத்துக்கு அனுப்பி, விடைகளை அருகருகே வைத்துப் படிக்கிறார்கள்.

2011-இன் பொது ஆவணச் சட்டம் இருக்கிறதே என்று எடின்பரோவில் சொல்வார்கள். ஆவணங்களை எப்படிப் பேணுவது என்று அது திட்டம் கேட்கிறது. ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை எழுது என்று அது கட்டாயப்படுத்தவில்லை. பெல்ஃபாஸ்ட் 2021-இல் செய்ததை ஹோலிரூட்டும் செய்ய வேண்டும். அமைச்சர் ஒரு செலவுக்கு ஒப்புதல் தருகிறார் என்றால் எந்த நாளில், எந்த அறிவுரையின் பேரில், எந்தக் காரணத்துக்காக என்று மூன்று வரி எழுதி வைப்பதைச் சட்டமாக்கட்டும். அதுவரை உறுப்பினர்கள் கேள்வியில் ‘ஏன்’ என்பதோடு ‘அதை எங்கே எழுதி வைத்தீர்கள்’ என்பதையும் தவறாமல் சேர்த்துக் கேட்க வேண்டும்.

(தொடரும்)